கழற்று! மறுபடி மாட்டு!

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உள்ளே பாதியில் நிற்கிற ஒரு மாடல் ரயில் எஞ்சின். பாய்லர் முடிந்தது. கேபின் முடிந்தது. தண்ணீர்த் தொட்டியின் ரிவெட்டுகளைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிவிட்டாய்.

பித்தளைத் தகட்டை மடித்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்த கை அது. லேசுப்பட்ட கையா?

அப்புறம் ஏன் நின்றது?

அதே பெட்டியின் மூலையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஆறு சக்கரம், மூன்று அச்சு, ஆறு கிராங்க் பின். வாங்கிய நாளில் போட்ட ஸ்டேப்ளர் பின்கூட இன்னும் கழலவில்லை!

சக்கரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாய். ஒப்புக்கொள்!

"நேரமில்லை" என்கிறாய். பாய்லருக்கு நேரம் கிடைத்ததே?

"கண் சரியில்லை" என்கிறாய். அந்தக் கண்தானே ரிவெட்டை எண்ணியது?

"என் கை அவ்வளவு துல்லியத்துக்கு வராது" என்கிறாய். ஆ! இதுதான் அடியில் கிடக்கிற சாக்கு. மற்றதெல்லாம் இதற்குப் போட்ட போர்வை.

இந்தச் சாக்கை இன்றைக்கு உரித்துவிடுவோம். வா!

முதலில், எதைக் கண்டு பயப்படுகிறாய் என்று உனக்கே தெரியுமா?

எஞ்சினின் பக்கவாட்டில் சக்கரங்களைக் கோத்துப் பிடித்திருக்கும் நீளத் தண்டு ஒன்று உண்டு. கப்ளிங் ராடு. அந்தத் தண்டின் ஓட்டைகள் உட்காருகிற சின்ன முளைகள்தான் கிராங்க் பின்கள்.

இடப்பக்கத்துப் பின் கீழே இருந்தால், வலப்பக்கத்துப் பின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கால் சுற்று. 90 பாகை. இங்கிலாந்து மாடல்காரர்கள் இதைக் குவார்ட்டரிங் என்பார்கள். இந்தச் சொல்லைக் கேட்டாலே பலருக்கு வியர்க்கும்.

ஏன் கால் சுற்று? அழகுக்கா? இல்லவே இல்லை!

1804-ல் வேல்ஸ் நாட்டின் பெனிடாரன் இரும்பாலைத் தண்டவாளத்தில் ரிச்சர்ட் ட்ரெவிதிக் ஓட்டிய எஞ்சினுக்கு ஒரே ஒரு சிலிண்டர். பிஸ்டன் கோடியில் போய் நின்றுவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் திரும்பாது. அந்த இடத்துக்குப் பெயர் டெட் சென்டர். அதைத் தாண்டிப் போக அவர் ஒரு பெரிய ஃப்ளைவீலை மாட்ட வேண்டியிருந்தது.

1812-ல் லீட்ஸ் நகரத்து மேத்யூ மர்ரே இரண்டு சிலிண்டர் வைத்தார். கிராங்குகளை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிறுத்தினார். ஒன்று டெட் சென்டரில் மாட்டினாலும் மற்றது முழு பலத்தோடு இழுக்கும். ஃப்ளைவீலுக்கு வேலையே இல்லை!

கப்ளிங் ராடுக்கும் அதே கதைதான். ஒரு பக்கத்துத் தண்டு சக்கரத்தைத் தள்ள முடியாமல் நிற்கிற கணத்தில், மறுபக்கத்துத் தண்டு தள்ளும்.

இதை வைத்து உனக்கு வாழ்க்கைத் தத்துவம் சொல்லப் போகிறேன் என்று நினைத்தாயா? மாட்டேன். எஞ்சினுக்கு வேலை பாக்கி இருக்கிறது.

சரி, உன் பயத்தை அளந்து பார்க்கலாமா? ஆம், அளக்கலாம். பயத்துக்கும் மில்லிமீட்டர் உண்டு!

உன் பெட்டியில் கிடப்பது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை பன்னியர் டேங்க் என்று வைத்துக்கொள். புதிதாய்க் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் கையில் எடுக்கிற எஞ்சின். 1929-லிருந்து 1950 வரை 863 எஞ்சின்கள் செய்தார்கள். ஆறு சக்கரமும் ஒரே அளவு. 4 அடி 7½ அங்குலம்.

அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் உன் மேஜையில் அது 18.5 மி.மீ. சக்கரம். அதன் நடுவிலிருந்து சுமார் 4 மி.மீ. தள்ளி கிராங்க் பின் உட்காருகிறது.

இப்போது நீ ஒரு பாகை தப்பாக மாட்டிவிட்டாய் என்று வை. அந்தப் பின் எவ்வளவு விலகும்?

கணக்குப் போடு! 0.07 மி.மீ.

ஒரு தலைமயிரின் தடிமன்!

அதற்காகவா ஒரு முழு எஞ்சினை இருட்டில் போட்டு வைத்திருக்கிறாய்?

"அதுதானே பயம்! தலைமயிர் அளவை யாரால் பிடிக்க முடியும்?" என்று கேட்பாய். கேள், நல்ல கேள்வி. பதிலும் வைத்திருக்கிறேன். உன் சாக்கு செத்துப்போகிற இடம் இதுதான்.

அந்த 90 பாகை, 90 ஆகவே இருக்க வேண்டியதில்லை!

நன்றாகப் படி. 90 வேண்டாம். மூன்று அச்சிலும் ஒரே கோணம் இருந்தால் போதும். மூன்றிலும் 88 என்றால் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடும். மூன்றிலும் 92 என்றாலும் ஓடும். முதல் அச்சு 90, இரண்டாவது 90, மூன்றாவது மட்டும் 88 என்றால்தான் சிக்கும்.

நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடும் மெதுவாக நடந்தால் வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. ஒன்று மெதுவாகவும் ஒன்று வேகமாகவும் நடந்தால்தான் வண்டி இழுபடும்.

புரிகிறதா? உன்னிடம் யாரும் பூரணத்தைக் கேட்கவில்லை. ஒரே மாதிரி செய் என்றுதான் கேட்கிறார்கள்!

ஒரே மாதிரி செய்யத் தங்கக் கை வேண்டுமா? வேண்டாம். ஒரு ஜிக் வேண்டும். ஒரு மரக்கட்டை, இரண்டு தகடு. அச்சை அதில் வைத்தால் ஒரு பக்கத்துப் பின் நிமிர்ந்த தகட்டில் சாய வேண்டும். மறுபக்கத்துப் பின் படுத்த தகட்டில் உட்கார வேண்டும்.

அந்த ஜிக் கொஞ்சம் கோணலா? இருக்கட்டும்! மூன்று அச்சையும் அதே கோணலில்தானே மாட்டப் போகிறாய்?

ஒன்றே ஒன்றை மறக்காதே. எந்தப் பக்கத்துப் பின் முந்துகிறது என்பதும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் வலது முந்தி, இன்னொன்றில் இடது முந்தினால் எந்தக் கடவுளாலும் அந்த எஞ்சினை நகர்த்த முடியாது. ஜிக்கின் ஒரு பக்கத்தில் பென்சிலால் "வலது" என்று எழுது. வெட்கப்படாதே, எழுது!

இன்னும் சாக்கு இருக்கிறதா? சொல்!

"விளக்கத் தாளில் ஒரு வரிதான் போட்டிருக்கிறான். சக்கரங்களை வழக்கம்போலப் பொருத்தவும் என்கிறான்!"

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வழக்கமே தெரியாதவனிடம் வழக்கம்போல என்று சொல்வது அயோக்கியத்தனம்தான். புகைபோக்கிக்கு அரைப் பக்கம் எழுதுகிறவர்கள் சக்கரத்துக்கு ஒரு வரியோடு கழன்றுகொள்கிறார்கள். ஆனால் எழுதியவன் அரைகுறையாக விட்டான் என்பதற்காக நீயும் அரைகுறையாக விடலாமா?

வழக்கம் என்ன என்று நான் சொல்கிறேன். எடு அந்த உறையை. பிரி!

உன் கையில் இருப்பது ரோம்ஃபோர்ட் சக்கரமா? அச்சின் நுனியைப் பார். சதுரமாக இருக்கும். சக்கரத்தின் ஓட்டையும் சதுரம். இரண்டு நுனிகளையும் சரியான கோணத்திலேயே வெட்டித் தந்திருக்கிறார்கள். மாட்டு, நட்டை முறுக்கு, குவார்ட்டரிங் முடிந்தது. எதிலும் சின்ன ஆட்டம் இருக்கும். எல்லாச் சக்கரத்தையும் ஒரே பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு முறுக்கு.

"அது சுலப வழியாச்சே" என்று மூக்கைச் சுளிக்காதே! சுலப வழியில் போய் ஓடுகிற எஞ்சின் செய்தவன், கஷ்டமான வழியைப் பற்றிப் பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பவனைவிட ஆயிரம் மடங்கு மேல். முதல் எஞ்சினுக்கு இதையே எடு. நான் அடித்துச் சொல்வேன்.

கையில் இருப்பது ஆலன் கிப்சன் சக்கரமா? அப்போது நிமிர்ந்து உட்கார். நடுவில் பிளாஸ்டிக், சுற்றி எஃகுப் பட்டா. அச்சு வழவழவென்று உருண்டை. சதுரமும் கிடையாது, நட்டும் கிடையாது. இறுக்கத்தால் மட்டுமே சக்கரம் நிற்கும். கோணத்தை நீதான் வைக்க வேண்டும்.

நிஜ எஞ்சினிலும் அப்படித்தானே? அச்சைவிட நூலளவு சின்னதாக ஓட்டை கடைந்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து டன் கணக்கில் அழுத்தி ஏற்றுவார்கள். உனக்கு டன் வேண்டாம். ஒரு வைஸ் போதும்.

சுத்தியலை எடுக்காதே! கீழே வை! சுத்தியலால் தட்டினால் சக்கரம் கோணும். கோணின சக்கரம் தள்ளாடும்.

முதலில் அச்சின் நுனியைத் தடவிப் பார். கூர்மையாக இருக்கிறதா? அந்தக் கூர்மை பிளாஸ்டிக்கைச் சுருள் சுருளாகச் சீவிவிடும். அப்புறம் பிடிப்பு ஏது? அரத்தை எடுத்து நுனியை மெல்ல மழுக்கு. இரண்டு நிமிட வேலை. பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. பிறகு "சக்கரம் மட்டம்" என்று விற்றவனைத் திட்டுவார்கள்!

அடுத்தது கிராங்க் பின். மயிரிழை போன்ற ஒரு ஸ்க்ரூ. பி.ஏ. கணக்கில் 14-ஆம் நம்பர். ஒரு மில்லிமீட்டர் தடிமன். சக்கரத்தின் முதுகிலிருந்து முன்னோக்கி ஏற வேண்டும். தலை முதுகில் புதைய, ஓட்டையின் வாயைக் கொஞ்சம் அகலமாகச் சீவு. தலை துருத்தினால் அடிச்சட்டத்தில் உரசும்.

ஏறிவிட்டதா? இப்போதுதான் முக்கியமான பார்வை. சக்கரத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கு. பின் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? சந்தேகமா? அதன்மேல் ஒரு மெல்லிய குழாயைச் செருகு. சின்னச் சாய்வைக் குழாய் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

சாய்ந்திருக்கிறதா? கழற்று. மறுபடி ஏற்று!

முகம் ஏன் சுருங்குகிறது? கழற்றுவது தோல்வியா? யார் சொன்னது? இந்த வேலையில் கழற்றுவதும் ஒரு வேலை. மாட்டுவது போலவே ஒரு வேலை!

ஒரு சக்கரத்தை அச்சில் ஏற்றிவிட்டாய். நில். மறு சக்கரத்தை எடுக்காதே. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள். பேரிங் இரண்டும் எங்கே? இடைவெளி வாஷர் எங்கே? மோட்டாரைப் பிடிக்கிற கியர் எங்கே?

மேஜையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துச் சிரிக்கிறதா அந்தக் கியர்?

இதில் அகப்படாத ஆளே இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது. இரண்டு சக்கரத்தையும் அழகாக ஏற்றி, கோணம் பார்த்து, பெருமூச்சு விட்டு நிமிர்ந்தால் கியர் வெளியே கிடக்கும். அப்போது என்ன செய்வார்கள்? அழுவார்களா? ஒரு டீ குடித்துவிட்டுக் கழற்றுவார்கள்.

பலமுறை கழற்றினால் பிடிப்பு தளரும். உண்மைதான். அதற்கும் மருந்து உண்டு. லோக்டைட் பசை ஒரு சொட்டு, ஊசி முனையில் எடுத்து. ஆனால் பேரிங் பக்கம் வழியவிட்டாயோ, அச்சு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோணமெல்லாம் சரியான பிறகு, கடைசியில் விடு. அவசரக்காரனுக்கு அந்தப் புட்டியைக் காட்டவே கூடாது!

இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரங்களின் முதுகுக்கும் முதுகுக்கும் நடுவே உள்ள தூரம் தப்பினால், தண்டவாளம் பிரிகிற பாயிண்டில் எஞ்சின் தடம் புரளும். டபுள் ஓ கேஜ் என்றால் 14.5 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. ஒரு பித்தளைக் கட்டையை அந்த அளவுக்கு அராவி வைத்துக்கொள். நடுவில் செருகிப் பார்த்தால் தீர்ந்தது.

டபுள் ஓ என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. சொல்லாமல் விட மனமில்லை.

நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அடிக்கு 4 மி.மீ. என்றால் 18.83 மி.மீ. வர வேண்டும். டபுள் ஓவில் எவ்வளவு தெரியுமா? 16.5 மி.மீ.! பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடம்பில் ஒடுங்கியவை. அந்தக் கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எஞ்சின் ஒடுங்கின காலில் நின்றது.

எல்லாரும் "போகட்டும்" என்றார்கள். சிலர் மட்டும் "போகக் கூடாது" என்றார்கள்!

அவர்கள் 18 மி.மீ.க்கு அகட்டினார்கள். அதுதான் ஈ.எம். கேஜ், பிறகு 18.2 ஆயிற்று. 1955-ல் அதற்கென்று ஒரு சங்கமே வைத்தார்கள். 1960-களில் இன்னும் பிடிவாதமான கூட்டம் ஒன்று கிளம்பியது. 18.83-தான் வேண்டும், சக்கரத்தின் விளிம்பும் நிஜம்போல மெலிந்திருக்க வேண்டும் என்றது. அதுதான் பி ஃபோர்.

கேட்ட சக்கரமெல்லாம் கடையில் கிடைக்கிற காலமா அது? கடைந்து, அராவி, தவறி, தூக்கிப்போட்டு, மறுபடி கடைந்தார்கள். உனக்கு எல்லாம் உறையில் வருகிறது. நீ உறையைப் பிரிக்கவே பயப்படுகிறாய்!

பயப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்று ஒரு கிராமம். அங்கே பென்டன் மியூசியம் இருக்கிறது. ராய் இங்கிலாந்து என்பவர் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இளைஞர். ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கிராமங்கள் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்தார். அந்த வீடுகளையும் வயல்களையும் ரயிலையும் சின்ன அளவில் செய்து நிறுத்தத் தீர்மானித்தார். 1995-ல் அவர் இறந்தபோதும் அந்தப் பள்ளத்தாக்கு முடிந்திருக்கவில்லை. தொண்டர்கள் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வாழ்நாளில் முடியாது என்று தெரிந்தும் முதல் வீட்டைத் தொடங்கினாரே, அவருக்குச் சாக்கு கிடைக்கவில்லையா?

அங்கே ஓடுகிற எஞ்சின்கள் பலவற்றைக் கட்டியவர் கய் வில்லியம்ஸ். 4 மி.மீ. எஞ்சினை மூலப்பொருளிலிருந்து எப்படிக் கட்டுவது என்று புத்தகமே எழுதியவர். அவர் எஞ்சின்களும் கிராங்க் பின்னில்தான் சுழன்றன. உன் கையில் இருப்பதும் அதே சாமான்தான்!

சரி, மேஜைக்குத் திரும்பு. இப்போதுதான் சண்டை.

மூன்று அச்சும் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டன. கப்ளிங் ராடை எடு. நில், எது முன் பக்கம்? பன்னியர் டேங்கில் முன் அச்சுக்கும் நடு அச்சுக்கும் 7 அடி 3 அங்குலம். நடுவுக்கும் பின்னுக்கும் 8 அடி 3 அங்குலம். உன் மேஜையில் 29 மி.மீ., 33 மி.மீ. தலைகீழாகப் பிடித்தால் உட்காராது. உட்காரவில்லையே என்று ஓட்டையைக் குடையத் தொடங்கிவிடாதே!

ஆறு சக்கரத்தையும் ஒரே மூச்சில் கோக்க ஆசையா? வேண்டாம். முதலில் இரண்டு அச்சு மட்டும். ராடு நடுவில் மூட்டு உள்ளதாக இருந்தால் இது எளிது. இரண்டும் ஓடட்டும். அப்புறம் மூன்றாவது.

தள்ளு. மோட்டார் வேண்டாம், விரலால் தள்ளு. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துத் தள்ளு.

சிக்குகிறது!

சிக்கட்டுமே! இதற்குப் பயந்துதான் நீ உறையையே பிரிக்காமல் ஓடிப்போனாய், இல்லையா? பெட்டியை மூடினாய், அலமாரியில் ஏற்றினாய். இந்த முறை ஓடாதே. கேள். சிக்கு உன்னிடம் பேசுகிறது. எங்கே தப்பு என்று சொல்கிறது. நின்று கேட்டால்தானே கேட்கும்?

ஒரு பக்கத்து ராடைக் கழற்று. மறுபக்கத்து ராடு மட்டும் இருக்கட்டும். இப்போது உருட்டு. பின்களும் அச்சுகளும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் ஒரு சக்கரம் எதிர்த்திசையில் நழுவப் பார்க்கும். விரலால் தொட்டுத் தாண்டவிடு.

தனியாக இருக்கும்போதும் சிக்குகிறதா? அப்போது கோணத்தின்மேல் பழி போடாதே. ராடின் நீளம் பார், சாய்ந்த பின் பார், தள்ளாடும் சக்கரம் பார்.

தனியாக ஓடுகிறதா? மறுபக்கமும் தனியாக ஓடுகிறதா? இரண்டையும் மாட்டினால் மட்டும் சிக்குகிறதா?

பிடிபட்டது திருடன்! அது குவார்ட்டரிங்தான்!

எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா இது? சற்று முன்வரை "எனக்கு வராது" என்று ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தாய். இப்போது உன்னிடம் இருப்பது ஒரு சக்கரம், ஒரு பாகை, ஒரு தலைமயிர். அவ்வளவுதான்!

எந்த அச்சு என்று கண்டுபிடி. முதல் அச்சைத் தொடாதே. அதுதான் உன் அளவுகோல். மற்றதை அதற்குச் சரிசெய். சக்கரத்தின் குடத்தைப் பிடித்து, அச்சின்மேல் மிக மெதுவாகத் திருகு. பட்டாவைப் பிடித்துத் திருகாதே, கழன்று கையோடு வந்துவிடும்.

உருட்டு. இன்னும் சிக்குகிறதா? குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் எதிர்ப்பக்கம் திருகு. உருட்டு. மறுபடி. மறுபடி!

இந்த இடத்தில் ஒரு பேய் உன் காதில் ஓதும். "ராடின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடேன். எல்லாம் சரியாகிவிடும்."

கேட்காதே!

ராடுக்கு மூச்சுவிடும் இடம் வேண்டும், நான் மறுக்கவில்லை. பின்மேல் ஓட்டை சுலபமாகச் சுழலுகிற அளவு இடம். ஆனால் தப்பான கோணத்தை மறைக்க ஓட்டையைக் குடைந்தால், எஞ்சின் ஓடும்தான். நொண்டிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கல். நீ மட்டும் அதைப் பார்ப்பாய், வேறு யாரும் பார்க்கமாட்டார்கள். நீ பார்த்தால் போதாதா?

குடைந்த ஓட்டையை மூட முடியாது. திருகின சக்கரத்தைத் திரும்பத் திருகலாம். எதைத் தேர்ந்தெடுப்பாய்?

ஓடுகிறதா? ராடுகள் இரண்டும் மாட்டி, மூன்று அச்சும் கோத்து, கண்ணாடியைச் சாய்த்தால் தானாக உருண்டு இறங்குகிறதா?

இப்போது பின்னின் முனையில் வாஷரை வை. அதைப் பற்றவைக்க வேண்டும். பதறாதே. ராடுக்கும் வாஷருக்கும் நடுவில் ஒரு துண்டு சிகரெட் தாள், ஒரு சொட்டு எண்ணெயில் நனைத்துச் செருகு. எண்ணெய் இருக்கிற இடத்துக்கு ஈயம் போகாது. சூட்டுக்கோல் தொட்டு எடுக்கிற நேரம்தான். தாளைக் கிழித்து இழு. ராடு சுற்றுகிறது பார்! தாளின் தடிமன்தான் அதற்குக் கிடைத்த சுதந்திரம்.

ஐந்து பின்னில் சரியாக வந்து, ஆறாவதில் ஈயம் உள்ளே ஓடி ராடு ஒட்டிக்கொண்டதா? சூடாக்கு, பிரி, துடை, புதுத் தாள் வை. இதற்குள் உனக்கே பழகியிருக்குமே!

மோட்டாரைக் கோர்த்துவிட்டாய். சக்கரத்தின் முதுகில் உரசி மின்சாரம் எடுக்கிற கம்பிகளைப் பார். மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பி. தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இவ்வளவு பாடுபட்டு இலேசாக்கிய சக்கரத்தை ஒரு கம்பி பிரேக் போட்டுப் பிடித்தால் எப்படி?

கரண்ட் கொடு. குறைவாக. இன்னும் குறைவாக! வேகமாக ஓட்டினால் எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். ஊர்ந்து போகும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒரு ஆரக்கால் நகர்வதை நீ எண்ண முடிகிற வேகத்தில் விடு.

நகர்கிறது. நிற்கவில்லை. டெட் சென்டரில் தயங்கவில்லை.

மேஜையின் கோடி வரை போய்விட்டது. சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயே! வேலை முடிந்தது என்று யார் சொன்னது? முன்னால் போகும்போது கியர் ஒரு பக்கமாகத் தள்ளும், திரும்பி வரும்போது மறுபக்கமாகத் தள்ளும். ஒளிந்திருக்கிற ஆட்டமெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஸ்விட்சைத் திருப்பு. பின்னோக்கி ஓட்டு!